சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்திற்கு: ஜான் ஹென்றி நியூமனின் சபைமாற்றமும் அதன் தருக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவத்தின் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவிற்குச் செல்வதையும் 'மதமாற்றம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் ஆய்வுகளில் பெருவழக்காக உள்ளது. இவ்வழக்கு, அந்நிகழ்வில் உண்மையில் மாறுவது யாது என்னும் வினாவை மறைத்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த ஜான் ஹென்றி நியூமனின் வாழ்வையும் எழுத்தையும் சான்றாகக் கொண்டு, சபைமாற்றத்தில் மாறுவது இறைநம்பிக்கை அன்று. அந்நம்பிக்கையின் பொருளை உறுதிசெய்யும் அதிகாரம் எங்குள்ளது என்னும் வினாவுக்கான விடையே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சபைமாற்றம், நியூமன், ஆக்ஸ்போர்டு இயக்கம், கோட்பாட்டு வளர்ச்சி, திருச்சபை அதிகாரம், மனச்சான்று.

முன்னுரை

மதமாற்றம் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சாதி, நிலவுடைமை, கல்வி, காலனிய ஆட்சி ஆகிய சமூகக் காரணிகளை முன்வைத்தே அமைந்துள்ளன. குழுவாக நிகழ்ந்த மாற்றங்களை விளக்குவதற்கு இவ்வணுகுமுறை மிகவும் பயன்பட்டுள்ளது. ஆயினும், ஏற்கெனவே கிறித்தவராக உள்ள ஒருவர், அதுவும் இறையியல் கற்றுத் தேர்ந்த ஒருவர், தம் பதவியையும் நட்பையும் இழந்து வேறொரு கிறித்தவச் சபையை நாடுவதை இக்காரணிகளைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. அங்கு வாதங்களும் அவற்றின் வலிமையும் ஆய்வுக்கு உரியனவாகின்றன.

அத்தகைய சபைமாற்றங்களுள் மிக விரிவான எழுத்துச் சான்றுகளைக் கொண்டது நியூமனுடையது. தாம் மாறியதற்கான காரணங்களை அவரே நூல்களாகவும் கடிதங்களாகவும் பதிவுசெய்துள்ளார். அவருடைய நண்பர்களும் எதிர்ப்பாளர்களும் எழுதியவையும் கிடைக்கின்றன. எனவே ஒரு தனிமனிதரின் முடிவை அதன் தொடக்கம் முதல் பின்விளைவு வரை பின்தொடர வாய்ப்புள்ளது. இக்கட்டுரை இரு சபைகளுள் எது சரியானது எனத் தீர்ப்பளிக்க முற்படவில்லை. ஒரு முடிவு எவ்வாறு உருவாயிற்று என்பதை விளக்குவதே இதன் எல்லை.

1. மாற்றமும் இணைப்பும்

கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கில், திருமுழுக்குப் பெறாத ஒருவர் கிறித்தவராவதும், வேறொரு சபையில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கத்தோலிக்கராவதும் ஒன்றல்ல. நீரைக் கொண்டு, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் முறைப்படி அளிக்கப்பட்ட திருமுழுக்கு எந்தச் சபையில் நிகழ்ந்திருப்பினும் அதனைத் திருச்சபை ஏற்கிறது; மீண்டும் அளிப்பதில்லை. முன்னர் அளிக்கப்பட்டது செல்லுமா என்பதில் தகுந்த ஐயம் எழும்போது மட்டுமே நிபந்தனையுடன் திருமுழுக்கு அளிக்கப்படும். இணைய விரும்புபவர் கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படையாக அறிக்கையிட்டு, ஒப்புரவு, உறுதிபூசுதல், நற்கருணை ஆகிய அருளடையாளங்களைப் பெறுகிறார். இதனை 'முழு ஒன்றிப்பில் ஏற்றுக்கொள்ளுதல்' என்பர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட கிறித்தவ ஒன்றிப்பு குறித்த ஆணை, பிற சபைகளில் திருமுழுக்குப் பெற்றோர் முழுமையற்றதேனும் ஓர் உண்மையான ஒன்றிப்பில் ஏற்கெனவே உள்ளனர் எனக் கூறுகிறது.

ஆகவே இங்கு கடவுள் மாறவில்லை, கிறித்து மாறவில்லை, நிசேயா நம்பிக்கை அறிக்கையும் மாறவில்லை. மாறுபவை வேறு. மறைநூல் ஒன்றே இறுதி அளவுகோல் என்னும் நிலையிலிருந்து, மறைநூலும் மரபும் அவற்றை விளக்கும் ஆசிரியப் பணியும் இணைந்தவை என்னும் நிலைக்கு ஒருவர் வருகிறார். இரண்டு அருளடையாளங்கள் ஏழாகின்றன. அறுபத்தாறு நூல்கள் கொண்ட விவிலியம் எழுபத்து மூன்று நூல்கள் கொண்டதாகிறது. இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் அடியில் நிற்கும் வினா ஒன்றே: கிறித்தவக் கோட்பாடு இன்னது என வரையறுக்கும் உரிமை யாருக்கு உண்டு?

2. ஆங்கிலிக்கன் நியூமன்

1801ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த நியூமன், தம் பதினைந்தாம் வயதில் நற்செய்தி மரபு சார்ந்த ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஒன்றைப் பெற்றார். அவ்வனுபவம் பொய்யானது என அவர் பிற்காலத்திலும் கருதவில்லை. ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1822இல் ஓரியல் கல்லூரியின் ஆய்வறிஞர் குழுவில் இடம்பெற்றார். 1825இல் ஆங்கிலிக்கன் குருவானார். 1828இல் ஆக்ஸ்போர்டு தூய மரியா ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்து இங்கிலாந்துத் திருச்சபை அரசுச் சபையாகும். அதன் கோட்பாடுகளை 39 விதிகள் வரையறுத்தன. அவ்விதிகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர் ஆக்ஸ்போர்டில் சேரவும் இயலாது. 1829இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர உரிமை பெற்றனர். 1833இல் அயர்லாந்தில் பத்து ஆங்கிலிக்கன் ஆயர் பதவிகளை நீக்கும் சட்டவரைவு நாடாளுமன்றத்தில் வந்தது. திருச்சபையின் அமைப்பை அரசு தன் விருப்பப்படி மாற்றலாமா என்னும் வினா இதனால் எழுந்தது. 1833 ஜூலை 14 அன்று ஜான் கீபிள் ஆற்றிய மறையுரையை ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தொடக்கமாக நியூமன் கருதினார். அவ்வியக்கத்தினர் 1833 முதல் 1841 வரை 90 துண்டுநூல்களை வெளியிட்டனர். அவற்றுள் பல நியூமன் எழுதியவை.

திருச்சபையின் அதிகாரம் அரசிடமிருந்து வந்ததன்று. திருத்தூதர் வழியாக ஆயர்களுக்கு வந்தது என்பதே இயக்கத்தின் மையக் கருத்து. இங்கிலாந்துத் திருச்சபை, ஒருபுறம் சீர்திருத்தச் சபைகளின் மிகையையும் மறுபுறம் உரோமையின் மிகையையும் தவிர்த்து, தொன்மைத் திருச்சபையின் போதனையைக் காக்கும் 'நடுவழி' என நியூமன் வாதிட்டார். இக்கட்டத்தில் அவர் உரோமையைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கண்டனச் சொற்களை அவர் 1843ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

3. தொன்மையே எழுப்பிய ஐயம்

நடுவழிக் கோட்பாட்டிற்குத் தொன்மையே அடித்தளம். அத்தளத்திலேயே விரிசலும் தோன்றியது. 1839ஆம் ஆண்டு கோடையில் நியூமன் ஐந்தாம் நூற்றாண்டு ஒற்றையியல்புக் கொள்கையர் குறித்த வரலாற்றைப் பயின்றார். கிறித்துவில் இறையியல்பு, மனித இயல்பு என இரண்டு உண்டு எனக் கால்செதோன் சங்கம் 451இல் வரையறுத்தது. யூத்திக்கேசைப் பின்பற்றியோர் ஒரு முனையிலும், சங்கத்தின் வரையறையை ஏற்று உரோமை மறுமுனையிலும் நிற்க, யூத்திக்கேசையும் மறுத்து, சங்கத்தையும் ஏற்காத மிதவாதிகள் இடையில் நின்றனர். அம்மிதவாதிகளின் இடத்தையே தம் சபையின் 'நடுவழி' ஒத்திருப்பதை நியூமன் கண்டார். தொன்மைக் காலத்தில் நடுவழி என்பது உண்மையின் அடையாளமாக இருக்கவில்லை என்னும் எண்ணம் அவரைத் திடுக்கிடச் செய்தது.

அதே ஆண்டில் நிக்கோலஸ் வைஸ்மன், ஆப்பிரிக்கத் தொனாத்தியர் குறித்து எழுதிய கட்டுரை அவர் கைக்கு வந்தது. தாமே தூய திருச்சபை எனக் கூறிப் பிரிந்து நின்ற தொனாத்தியருக்கு எதிராக அகஸ்தீனார் முன்வைத்த வாதம், உலகெங்கும் பரவிய திருச்சபையின் ஒருமித்த தீர்ப்பு ஒரு பகுதியினரின் தீர்ப்பைவிட உறுதியானது என்பதாகும். தொன்மையை அளவுகோலாகக் கொண்ட நியூமனுக்கு, தொன்மையே வேறோர் அளவுகோலைச் சுட்டிக்காட்டியது.

1841இல் மேலும் இரு நிகழ்வுகள் அமைந்தன. முதலாவது, 39 விதிகளுக்குக் கத்தோலிக்கப் பொருள் கொள்ள இடமுண்டு என விளக்கிய 90ஆம் துண்டுநூல். பல்கலைக்கழகக் கல்லூரித் தலைவர்கள் அதனைக் கண்டித்தனர். ஆக்ஸ்போர்டு ஆயரின் விருப்பப்படி துண்டுநூல் வரிசை நிறுத்தப்பட்டது. பிற ஆயர்களும் தொடர்ந்து கண்டித்தனர். இரண்டாவது, இங்கிலாந்தும் பிரசியாவும் இணைந்து எருசலேமில் நிறுவிய ஆயர் பதவி. லுத்தரன், கால்வினியச் சபையினரைத் தம் கோட்பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லாமலேயே ஆங்கிலிக்கன் ஆயரின் கீழ் ஏற்கும் இவ்வேற்பாடு, தம் சபை தன்னைச் சீர்திருத்தச் சபைகளுள் ஒன்றாகவே கருதுகிறது என்பதை நியூமனுக்கு உணர்த்தியது. நடுவழி என்பது ஏட்டளவிலான கோட்பாடு. அதன்படி வாழும் சபை நடைமுறையில் இல்லை என்னும் முடிவை நோக்கி அவர் நகர்ந்தார்.

4. வளர்ச்சிக் கோட்பாடு

ஆங்கிலிக்கன் நிலைப்பாடு தளர்ந்தமையால் உரோமையின் நிலைப்பாடு தானாக உறுதிப்பட்டுவிடாது. தூய்மைபெறு நிலை, அன்னை மரியாவுக்குச் செலுத்தும் வணக்கம், திருத்தந்தையின் தலைமை ஆகியவை தொன்மையில் இன்றுள்ள வடிவில் காணப்படவில்லை என்னும் சீர்திருத்தச் சபையினரின் மறுப்பை நியூமனே முன்னர்ப் பயன்படுத்தியவர். அம்மறுப்புக்கு விடை காணும் முயற்சியே 1845இல் வெளிவந்த, கிறித்தவக் கோட்பாட்டின் வளர்ச்சி குறித்த அவரது நூல்.

அந்நூலின் வாதம் சுருக்கமாக இதுவாகும். உயிருள்ள ஒரு கருத்து பல தலைமுறை மனிதரின் உள்ளத்தில் வாழும்போது, அதன் உட்பொருள் படிப்படியாகவே வெளிப்படும். மூவொரு கடவுள் கோட்பாடும் இதற்கு விலக்கன்று. மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என 325இல் நிசேயா சங்கம் பயன்படுத்திய சொல் மறைநூலில் இல்லை. புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களின் பட்டியல்கூட, இன்றுள்ளவாறு 367இல் அத்தனாசியார் எழுதிய மடலில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. இவற்றை ஏற்கும் சீர்திருத்தச் சபையினர், வளர்ச்சி என்னும் கொள்கையையே மறுக்க இயலாது. எனவே 'வளர்ச்சி உண்டா' என்பது வினாவன்று. 'எது வளர்ச்சி, எது சிதைவு' என்பதே வினா.

இரண்டையும் வேறுபடுத்த ஏழு அளவைகளை அவர் தந்தார்: அடிப்படை வடிவம் மாறாமை, கொள்கைத் தொடர்ச்சி, புறத்தவற்றைத் தன்வயமாக்கும் ஆற்றல், தருக்கமுறைத் தொடர்பு, பின்வருவதன் அறிகுறி முன்னரே தோன்றுதல், முன்னிருந்ததைப் பேணுதல், நீடித்த உயிராற்றல். 1845இல் 'சோதனைகள்' என அவர் பெயரிட்ட இவற்றை 1878ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அடையாளங்கள்' எனத் திருத்தினார். இம்மாற்றம் சிறிதெனினும் கருதத்தக்கது; இவை தாமே தீர்ப்பளிக்கும் கருவிகள் அல்ல, தீர்ப்புக்குத் துணைசெய்யும் சான்றுகள் என்பதை அது காட்டுகிறது.

மொழி வரலாறு பயில்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. தொல்காப்பியம் விளக்கும் தமிழும் இன்றைய தமிழும் ஒலியிலும் வடிவத்திலும் பெரிதும் வேறுபடினும் ஒரே மொழி என்கிறோம். இடைநிலைகள் அறுபடாது தொடர்வதே அதற்குச் சான்று. நியூமனின் வாதமும் ஒற்றுமையைத் தோற்ற ஒப்புமையில் தேடாது தொடர்ச்சியில் தேடுகிறது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. மொழியின் மாற்றத்தில் சரி, பிழை எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் வேண்டப்படுவதில்லை. வெளிப்படுத்தப்பட்ட உண்மை எனக் கொள்ளப்படும் கோட்பாட்டின் மாற்றத்தில் அத்தகைய அதிகாரம் தேவை என்பது நியூமனின் அடுத்த படி. அப்படியில்தான் அவர் உரோமையை அடைகிறார்.

5. முடிவும் அதன் விலையும்

நியூமன் 1842இல் ஆக்ஸ்போர்டை அடுத்த லிட்டில்மோர் சிற்றூருக்கு ஒதுங்கினார். 1843 செப்டம்பரில் தூய மரியா ஆலயப் பொறுப்பைத் துறந்து, அம்மாதம் 25ஆம் நாள், நண்பர்களைப் பிரிதல் என்னும் பொருளில் தம் இறுதி ஆங்கிலிக்கன் மறையுரையை ஆற்றினார். ஆயினும் கத்தோலிக்கத்தில் இணைய மேலும் இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1845 அக்டோபர் தொடக்கத்தில் ஓரியல் கல்லூரிப் பதவியையும் விட்டார். அக்டோபர் 8ஆம் நாள் இரவு, கடும் மழையில் நனைந்தவாறு லிட்டில்மோர் வந்து, கணப்பருகே உடையை உலர்த்திக்கொண்டிருந்த இத்தாலியத் துறவி தொமினிக் பார்பெரியின் முன் மண்டியிட்டுத் தம்மை ஏற்குமாறு வேண்டினார். மறுநாள் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு.

இழப்புகள் பல. 1846 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டை விட்டு நீங்கியவர், டிரினிட்டி கல்லூரி அவரை மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்த பின்னர், 1878 பிப்ரவரியில்தான் மீண்டும் அங்குச் சென்றார்; இடையில் கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். தமக்கைபோல் நெருங்கிப் பழகிய தங்கை ஹேரியட் உறவை முறித்துக்கொண்டார். கீபிளையும் பூசியையும் அவர் மூவராக ஒருங்கே சந்தித்தது 1865இல், கீபிளின் இல்லத்தில். கீபிள் மறு ஆண்டே மறைந்தார். புதிய சபையிலும் அவர் உடனடியாக நம்பப்படவில்லை. ஒருபுறம் முன்னாள் நண்பர்கள் அவரை இரண்டகர் எனவும், மறுபுறம் சில கத்தோலிக்கர் அவரை அரைகுறை மாற்றத்தினர் எனவும் ஐயுற்றனர். 1864இல் சார்லஸ் கிங்ஸ்லி அவருடைய வாய்மையையே ஐயுற்று எழுதியபோது, அதற்கு மறுமொழியாக அவர் எழுதிய தன்வரலாற்று நூலே அவ்வையங்களைப் பெருமளவு போக்கியது.

6. வாதமும் உறுதியும்

1839இல் ஐயம் பிறந்தது. 1845இல் முடிவு நிகழ்ந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது? வாதத்தால் ஒப்புக்கொள்வதும் அதன்மேல் வாழ்வை அமைப்பதும் வேறானவை என்பதே நியூமனின் விடை. 1870இல் வெளியான, ஏற்பின் இலக்கணம் குறித்த நூலில் அவர் கருத்தளவிலான ஏற்பையும் உளமார்ந்த ஏற்பையும் வேறுபடுத்துகிறார். சமய உண்மையில் உறுதி, கணிதத் தேற்றம்போல் ஒரே நிறுவலால் வருவதன்று. தனித்தனியே முழு உறுதி தராத பல சான்றுகள் ஒரு புள்ளியில் குவிவதால் வருவது. அக்குவிவை உணரும் அறிவாற்றல் மனிதரின் ஒழுக்க வாழ்விலிருந்து பிரிக்க இயலாதது.

இதனால் ஒரு கடினமான உண்மையையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. அதே தந்தையரின் நூல்களை அதே ஆர்வத்துடன் கற்ற கீபிளும் பூசியும் தம் சபையிலேயே இருந்தனர். மியூனிக் நகரின் புகழ்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றறிஞர் டோலிங்கர், வரலாற்றையே காரணம் காட்டி, திருத்தந்தையின் தவறா வரம் குறித்த 1870ஆம் ஆண்டுக் கோட்பாட்டை மறுத்து, 1871இல் சபைவிலக்கம் பெற்றார். ஆகவே வரலாறு வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகிறது. விடையை அது தனியே தருவதில்லை. நியூமனின் சபைமாற்றத்தை வரலாற்று ஆய்வின் தவிர்க்கவியலா முடிவாகக் காட்டுவதும், வெறும் உணர்ச்சியின் விளைவாகக் காட்டுவதும் ஒருங்கே பிழையாகும்.

அதிகாரத்தை ஏற்றதால் அவர் தம் அறிவைத் துறந்துவிட்டார் என்பதும் பொருந்தாது. தவறா வரத்தை நம்பிய அவர், அதனை அப்போது கோட்பாடாக அறிவிப்பது காலத்திற்கு ஒவ்வாதது எனக் கருதினார். 1850ஆம் ஆண்டு கோரம் வழக்குத் தீர்ப்புக்குப் பின் 1851இல் கத்தோலிக்கரான ஹென்றி எட்வர்டு மானிங்கோ அவ்வறிவிப்பை முனைந்து ஆதரித்தார். ஒரே வழியில் வந்த இருவரும் ஒரே சிந்தனையினர் அல்லர். 1875இல் நார்போக் கோமகனுக்கு எழுதிய மடலில், மனச்சான்றின் உரிமையைத் திருத்தந்தையின் அதிகாரத்திற்கு எதிராக அன்றி, அவ்வதிகாரத்தின் அடித்தளமாகவே நியூமன் விளக்கினார்.

7. தமிழ் ஆய்வுக்கான குறிப்புகள்

அதிகாரம் குறித்த இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர்களின் போதனைக்கு எதிராக வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். நியூமனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, திருச்சபையின் தொடர்ச்சியும் மறைநூலை விளக்கும் உரிமையும் தமிழ் உரைநடையில் வாதிக்கப்பட்டன. இந்நூல்களை உரைநடை வரலாற்றின் சான்றுகளாகக் கற்பதோடு நில்லாது, சபைமாற்ற வாதங்களின் ஆவணங்களாகவும் கற்க வேண்டும்.

சொல்லாட்சியிலும் கவனம் தேவை. கத்தோலிக்கர் வழக்கில் 'ஆயர்' என்பது மறைமாவட்டத் தலைவரையும் 'பேராயர்' என்பது உயர்மறைமாவட்டத் தலைவரையும் குறிக்கும். தென்னிந்தியத் திருச்சபை வழக்கில் 'ஆயர்' சபைக்குருவையும் 'பேராயர்' திருமண்டலத் தலைவரையும் குறிக்கும். நற்கருணை, திருவிருந்து ஆகிய சொற்களும் வேறுபட்ட இறையியலைச் சுமப்பவை. சபைமாறிய ஒருவரின் எழுத்தில் இச்சொற்கள் எப்போது மாறுகின்றன என்பதே ஓர் ஆய்வுச் சான்றாகலாம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இரு மரபினரும் இணைந்து ஒரு சொல்வழக்கைத் தேடிய முயற்சியாகும்.

முடிவுரை

நியூமன் 1879இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 1890இல் மறைந்தார். 2019இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆங்கிலிக்கன் மரபினர் தம் வழிபாட்டுச் செல்வத்துடன் குழுவாக இணைவதற்கென 2011இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட கத்தோலிக்க அமைப்பு அவரையே பாதுகாவலராகக் கொண்டது. இளமையில் பெற்ற நம்பிக்கையை அவர் கைவிட்டதாக ஒருபோதும் கருதவில்லை. அது தன் இயல்பான இருப்பிடத்தை அடைந்ததாகவே கருதினார். அவர் விட்டுச்சென்ற சபையினர் அவ்வாறு கருதாமைக்கும் நேர்மையான காரணங்கள் இருந்தன. சபைமாற்றத்தை ஆய்வோர், மாறியவரின் காரணங்களோடு மாறாதிருந்தவரின் காரணங்களையும் ஒருங்கே கற்கும்போதுதான், முடிவின் கடினமும் அதற்கு இருதரப்பினரும் கொடுத்த விலையும் முழுமையாகப் புலப்படும். 'மதமாற்றம்' என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்வேறுபாடுகளை மூடிவிடாது, மாறுவது எது, தொடர்வது எது எனப் பிரித்தறிவதே இத்துறை ஆய்வின் முதற்பணி எனலாம்.